கண்ணும் கைமுதலே: கூம்பு விழிக்குக் கெட்டி லென்ஸ்



நான் வைத்தியனல்லன். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தி, அம்பாங்கில் மளிகைக் கடை நடத்தி வருபவன். அப்படிப்பட்டவன் கண்ணைப் பற்றிப் பாடம் எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். என் கடைக் கல்லாவின் முன்னே ஒரு அநியாயம் நடந்தது. அதைச் செய்தவன் நான். அதே அநியாயம் வேறொரு கடையில் நடவாதிருக்க வேண்டும் என்பதே இதை எழுதும் நோக்கம்.

என் சகோதரியின் மகன் பதினெட்டு வயதில் என்னிடம் வேலைக்கு வந்தான். சுறுசுறுப்பான பையன். ஆயினும் ஓராண்டிற்குள் கணக்கில் பிழை வரத் தொடங்கிற்று. சிட்டையில் 8 என்றிருப்பதை 3 என்பான். 6 என்றிருப்பதை 0 என்பான். ஒரு நாள் விருந்து ஒன்றிற்கு எட்டு மூட்டை அரிசி போக வேண்டிய இடத்துக்கு மூன்று மூட்டை ஏற்றி அனுப்பிவிட்டான். வாடிக்கைக்காரர் கடைக்கே வந்து கூச்சல் போட்டார். நான் அவர் முன்னிலையிலேயே, “உன் கண் எங்கே போயிற்று?” என்று பையனைத் திட்டினேன். நஷ்டத்தை அவன் சம்பளத்திலும் பிடித்தேன். நான் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். ஆனால் அதைப் பதில் தெரிய வேண்டும் என்று கேட்கவில்லை, அவமானப்படுத்தவே கேட்டேன்.

இரண்டு ஆண்டில் அவன் மூன்று மூக்குக்கண்ணாடி மாற்றியிருந்தான். ஒவ்வொரு முறையும் பவர் ஏறிற்று, பார்வை ஏறவில்லை. கடைசியில் கண் பரிசோதித்த ஓர் இளம் ஆப்டோமெட்ரிஸ்ட், “இது கண்ணாடியால் தீரும் விஷயமல்ல” என்று சொல்லி, கண் வைத்தியரிடம் அனுப்பினார். இரு கண்ணிலும் கெரட்டோகோனஸ், அதாவது கூம்பு விழி. இடக்கண்ணில் முற்றிய நிலை என்று வைத்தியர் கூறினார். அதன் பிறகு நான் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

நோய் யாது?

கருவிழியின் முகப்பில் கைக்கடிகாரக் கண்ணாடியைப் போல ஒரு தெளிந்த படலம் உண்டு. கார்னியா என்பது அதன் பெயர். அரபியில் கர்னிய்யா. துல்கர்னைன் என்ற பெயரை ஓதியவர்களுக்குக் கர்ன் என்றால் கொம்பு என்பது தெரியும். மெல்லச் சீவிய கொம்பைப் போல ஒளி புகும் படலமாதலால் இப்பெயர். கார்னியா என்ற லத்தீன் சொல்லும் கொம்பையே குறிக்கும். கிரேக்க மொழியில் கெராஸ் என்றால் கொம்பு, கோனஸ் என்றால் கூம்பு. ஆக, கொம்புப் படலம் கூம்பாவதே கெரட்டோகோனஸ்.

இப்படலத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்புள்ளது. கண்ணுக்குள் வரும் ஒளியைக் குவிக்கும் வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்கிறது. நோய் கண்டவருக்கு இப்படலம் மெலிந்து, பலவீனப்பட்டு, முன்னே பிதுங்கும். பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயது முதல் இருபதுகளுக்குள் தொடங்கி, முப்பது நாற்பது வயது வரை மெல்ல முற்றும். பிறகு பலருக்கு அப்படியே நின்றுவிடும். தொழில் பழகும் வயதும் குடும்பம் தாங்கும் வயதும் அதுவே என்பதைக் கவனியுங்கள்.

இந்நோயை விரிவாக எழுதியவர் இங்கிலாந்து லிவர்பூல் நகரத்து வைத்தியர் ஜான் நாட்டிங்ஹாம், ஆண்டு 1854. நம் வம்சாவளியினர் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளையரைக் காட்டிலும் ஆசிய வம்சத்தாரிடம் இந்நோய் நான்கு மடங்குக்கு மேல் காணப்பட்டது. அவர்களுக்கு அது இளவயதிலேயே வந்திருந்தது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தாரையும் சோதிப்பது நலம்.

கண்ணைக் கசக்கும் பழக்கம் இந்நோயோடு நெருங்கிய தொடர்புடையது. ஒவ்வாமையால் அரிப்பு, அரிப்பினால் கசக்கல், கசக்கலால் பலவீனமான படலத்துக்கு மேலும் கேடு. மளிகைக் கடையில் மிளகாய்த்தூள், மாவு, மூட்டைத் தூசி ஆகியவற்றுக்குக் குறைவா? என் மருமகன் நாளெல்லாம் கண்ணைக் கசக்குவான். தூக்கக் கலக்கம் என்று நான் எண்ணியிருந்தேன்.

அடையாளங்கள்

சில மாதத்திற்கொரு முறை கண்ணாடிப் பவர் மாறுதல். அதிலும் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போதல். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்துத் தெரிதல். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு சிதறி, வால் நட்சத்திரம் போல நீளுதல். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வாசித்தல். இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால், படலத்தின் மேடு பள்ளத்தைப் படம் பிடிக்கும் டோப்போகிராபி சோதனையைக் கேட்டு வாங்குங்கள். வலியில்லாத சோதனை, சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

கண்ணாடி ஏன் உதவாது?

ஆரம்ப நிலையில் மூக்குக்கண்ணாடி உதவும். முற்றிய நிலையில் உதவாது. காரணம் எளிது. மூக்குக்கண்ணாடி ஒழுங்கான வளைவின் குறையைத்தான் திருத்த வல்லது. கூம்பு விழியின் மேற்பரப்போ நசுங்கிய தகரப் பாத்திரம் போல ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கிறது. நசுங்கிய தட்டில் முகம் பார்த்தால், எத்தனை விலையுள்ள கண்ணாடியை அணிந்து பார்த்தாலும் முகம் நேராகுமா?

சாதாரண மென் லென்ஸும் முற்றிய நிலையில் அநேகமாகப் பயன்படுவதில்லை. ஈரத்துணியைக் குவியல் மேல் போட்டால் துணியும் குவியலின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். மென் லென்ஸும் அவ்வாறே கூம்பின் மேல் படிந்து கூம்பாகிவிடும்.

கெட்டி லென்ஸ் செய்யும் வேலை

கெட்டி லென்ஸ் வளையாது. தன் வடிவத்தை விடாது. அதன் முன்பக்கம் வழவழப்பான, ஒழுங்கான வளைவு. அதற்கும் கருவிழிக்கும் இடையே கண்ணீர் நிரம்பும். மேடு பள்ளமான சிமெண்டுத் தரையில் தண்ணீரைத் தேக்கினால் பள்ளமெல்லாம் நிரம்பி மேலே சமமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைக் கண்ணீர் இங்கே செய்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளி முதலில் சந்திப்பது நோயுள்ள கூம்பையன்று, லென்ஸின் ஒழுங்கான முகப்பை. ஆகவே கூம்பு கூம்பாகவே இருந்தும் பார்வை தெளிகிறது.

இந்த யோசனை பழையது. 1888இல் சூரிச்சில் அடால்ஃப் ஃபிக் என்பவரும், பாரிஸில் யூஜின் கால்ட் என்பவரும் கண்ணாடியால் சிப்பி போலச் செய்து கண்ணில் வைத்துப் பார்த்தார்கள். கால்ட் அதைக் கூம்பு விழியுள்ளவர்களுக்கே பயன்படுத்தினார். கனமான அச்சிப்பியை வெகுநேரம் தாங்க முடியாது. 1948இல் அமெரிக்காவில் கெவின் டூஹி என்பவர் கருவிழியளவே உள்ள சிறிய பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். அதற்கும் ஒரு குறை இருந்தது. கார்னியாவில் ரத்தக் குழாய் இல்லை. அது பிராணவாயுவைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. அந்தப் பிளாஸ்டிக் காற்றை விடாது. 1970களின் இறுதியில் பிராணவாயு ஊடுருவும் கெட்டிப் பொருள் வந்த பிறகே கெட்டி லென்ஸ் கண்ணுக்கு இணக்கமாயிற்று.

முற்றிய நோய்க்கு இன்று வைத்தியர்கள் கையாளும் வகைகள் முக்கியமாக மூன்று.

ஒன்று, கருவிழியின் மேலேயே நிற்கும் சிறிய கெட்டி லென்ஸ். குறுக்களவு ஏறக்குறைய 9, 10 மில்லிமீட்டர். கூம்பு விழிக்கென்றே தனி வளைவுகளோடு இதைக் கடைகிறார்கள்.

இரண்டு, நடுவில் கெட்டியும் ஓரத்தில் மென்மையுமான கலப்பு லென்ஸ். அல்லது அடியில் மென் லென்ஸும் அதன் மேல் கெட்டி லென்ஸுமாக வைப்பது. உறுத்தல் தாங்காதவர்களுக்கு இவை உதவும்.

மூன்று, ஸ்கிளீரல் லென்ஸ். இது பெரிது, பெரும்பாலும் 15 மில்லிமீட்டருக்கு மேல். கூம்பைத் தொடாமல் பாலம் போலத் தாண்டி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும். உள்ளே ரசாயனம் சேராத உப்பு நீரை நிரப்பி அணிய வேண்டும். 1983இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து டான் எசீக்கியல் இதைக் காற்று ஊடுருவும் பொருளில் செய்து காட்டினார். அதன் பிறகு இவ்வகை மறுபடியும் உயிர் பெற்றது.

முற்றிய கண்ணுக்கு உடனே கார்னியா மாற்று அறுவைதான் வழி என்று பலர் எண்ணுகிறார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து 2018இல் வெளியான ஆய்வைக் கேளுங்கள். அறுவைக்குப் போகும் அளவு முற்றிய 51 கண்களுக்கு ஸ்கிளீரல் லென்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். 40 கண்களில் அது நிலைத்து, அறுவை தவிர்க்கப்பட்டது. அறுவையைக் குறை சொல்வது என் எண்ணமன்று. படலத்தில் தழும்பு அதிகமாகிவிட்டாலோ, லென்ஸ் எவ்வகையிலும் பொருந்தாவிட்டாலோ அறுவை வேண்டியதே. ஆனால் அறுவைக்குப் பின்னும் பலருக்கு நல்ல பார்வைக்கு மறுபடி கெட்டி லென்ஸ் தேவைப்படுகிறது. ஆகவே லென்ஸை முதலில் முயன்று பார்ப்பதே முறை.

பொருத்தும் முறை

செருப்புக் கடையில் அளவு பார்த்து வாங்குவது போல இதை ஒரே நாளில் வாங்க முடியாது. படலத்தின் வரைபடத்தைப் பார்த்து, மாதிரி லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்து, ஃப்ளோரசீன் என்னும் சாயத்தை இட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும்; லென்ஸ் அழுத்தும் இடம் கறுத்துத் தெரியும். கூம்பின் உச்சியில் அழுத்தம் மிகுந்தால் நாளடைவில் தழும்பு விழும். ஆதலால் வளைவை மாற்றி மாற்றிச் சரி செய்வார்கள். என் மருமகன் நான்கு தடவை போய் வந்தான். வலக்கண்ணுக்குச் சிறிய லென்ஸ், இடக்கண்ணுக்கு ஸ்கிளீரல்.

முதல் வாரம் சிறிய லென்ஸ் மணல் விழுந்தாற்போல உறுத்திற்று, கண்ணீர் வடிந்தது. நாளுக்குச் சில மணி நேரமாக ஏற்றிக்கொண்டு போனதில் மூன்று வாரத்தில் பழகிவிட்டது. முதல் நாளே “வேண்டாம்” என்று கழற்றி வைப்பவர்களே அதிகமாம். பொறுமை வேண்டும். ஆனால் உறுத்தல் வேறு, வலி வேறு. வலித்தால் பொறுக்கக் கூடாது. கழற்றிவிட்டுப் போய்க் காட்ட வேண்டும்.

பேணும் முறை

1. லென்ஸைத் தொடுமுன் சோப்பினால் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துக. மிளகாய், மசாலா தொட்ட கையானால் இருமுறை கழுவுக.

2. குழாய்த் தண்ணீர், கிணற்று நீர், எச்சில் இவை மூன்றும் லென்ஸில் படவே கூடாது. தண்ணீரில் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் இருக்கலாம். அது கார்னியாவைத் தாக்கினால் பார்வைக்கே ஆபத்து. லென்ஸுக்கென்று உள்ள மருந்து நீரையே பயன்படுத்துக. நேற்றைய நீரில் இன்றைய நீரைக் கலக்க வேண்டாம்.

3. லென்ஸோடு உறங்க வேண்டாம். பகலில் கடையில் கண்ணயர்வதும் உறக்கமே.

4. ஸ்கிளீரல் லென்ஸை அணியும்போது உள்ளே காற்றுக்குமிழி நின்றால் பார்வை மங்கும். கழற்றி மறுபடி நிரப்பி அணிக. கழற்றுவதற்கு உறிஞ்சு குமிழ் கொடுப்பார்கள். அதையும் சுத்தமாக வைக்க வேண்டும்.

5. லென்ஸ் டப்பாவை வைத்தியர் சொல்லும் காலத்தில் மாற்றுக. டப்பா மலிவு; கண் மலிவன்று.

6. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது.

ஒளு செய்யும்போது என்ன செய்வது என்று மருமகன் கேட்டான். முகத்தைக் கழுவுவது பர்ளு. கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது அதில் சேராது. லென்ஸைக் கழற்ற வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கழுவினால் போதும். ஒளு செய்த ஈரக் கையோடு மட்டும் லென்ஸைத் தொடாதிருக்கட்டும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்வார்களாக.

லென்ஸ் செய்யாதது

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லென்ஸ் பார்வையைத் தரும், நோயைத் தடுக்காது. நோய் முற்றுவதை நிறுத்த வேறு சிகிச்சை உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து வைத்தியர்கள் 2003இல் அதன் பலனை வெளியிட்டார்கள். ரைபோஃப்ளேவின் என்னும் பி2 வைட்டமினைச் சொட்டாக விட்டு, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, படலத்தின் நார்களை இறுக்குவார்கள். கிராஸ்லிங்கிங் என்பது இதன் பெயர். படலம் மிகவும் மெலிந்துவிட்டால் வழக்கமான முறையில் இதைச் செய்ய இயலாது. ஆகவே காலத்தில் செய்ய வேண்டும். என் மருமகனின் வலக்கண்ணுக்கு இச்சிகிச்சை முதலில் நடந்தது. நோய் நின்றதைப் பார்த்த பிறகே லென்ஸ் பொருத்தினார்கள். இரண்டாண்டு முன்னதாக நான் அவனைச் சரியாக விசாரித்திருந்தால் இடக்கண்ணுக்கும் அந்த வாய்ப்புக் கிடைத்திருக்கும். என் மனதை இன்றும் அறுப்பது அதுவே.

நம் ஊரில் வழி

இந்நாட்டில் 1991ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டம் கண் பரிசோதனையையும் லென்ஸ் கொடுப்பதையும் ஒழுங்குபடுத்துகிறது. பதிவு பெற்ற, உரிமையுள்ள ஆப்டோமெட்ரிஸ்டிடமே போங்கள். இரவுச் சந்தையிலும் கைப்பேசியிலும் விற்கும் லென்ஸ் பக்கம் திரும்ப வேண்டாம். கோலாலம்பூர் அரசு மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் 1986இல் தொடங்கிய துன் ஹுசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை உண்டு. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆப்டோமெட்ரி பிரிவு, கோலாலம்பூர் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜீஸில் இருக்கிறது.

ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் தள்ளிப் போடுகிறார்கள். மதுரையில் 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையில் 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் பெயர் பெற்றவையே. நோயைத் தெரிந்துகொள்ள அங்கே போகலாம். ஆனால் கெட்டி லென்ஸ் பொருத்துவது பல தடவை போய் வர வேண்டிய காரியம்; ஆண்டுதோறும் பரிசோதனையும் வேண்டும். இரண்டு வார லீவில் முடித்துக்கொண்டு திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குடியிருக்கும் இடத்துக்கு அருகே பொருத்திக்கொள்வதே லாபம்.

இந்த லென்ஸ் மென் லென்ஸைவிட விலை கூடியது; உண்மைதான். கடைக்கு நல்ல தராசு வாங்குவதற்கு நாம் யோசிப்பதில்லை. தராசைப் பார்க்கும் கண்ணுக்குச் செலவழிக்க ஏன் யோசிக்க வேண்டும்? கண்ணும் கைமுதலே. சம்பளக்காரப் பையனால் இயலாதபோது முதலாளி கொஞ்சம், குடும்பம் கொஞ்சம், சங்கம் கொஞ்சம் என்று சேர்ந்தால் பாரமில்லை.

முதலாளிமாருக்கு ஒரு சொல்

லென்ஸ் பழகிய பிறகு மருமகன் கடைக்கு வந்து, தராசு முன் நின்று, “மாமா, சின்ன எண்ணெல்லாம் தெரிகிறது” என்றான். இடக்கண்ணில் சிறு தழும்பு இருப்பதால் அதில் முழுத் தெளிவு இல்லை; வலக்கண் நன்றாயிருக்கிறது. இப்போது பேரேடு அவன் பொறுப்பில் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுத்தேன். அரிசிக்காக வந்து கூச்சல் போட்ட அதே வாடிக்கைக்காரர் மறுபடி வந்தபோது, அவர் முன்னிலையிலேயே, “அன்று பையன் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது” என்று சொன்னேன். சபையில் செய்த அவமானத்தைத் தனியறையில் தீர்ப்பது நியாயமல்லவே.

உங்கள் கடையிலும் எண்ணை மாற்றி வாசிக்கும் பையன் ஒருவன் இருக்கலாம். திட்டுமுன் அவனைக் கூப்பிட்டு, ஒரு கண்ணை மூடச் சொல்லி, மறு கண்ணால் சிட்டையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணையும் அப்படியே பாருங்கள். இதற்கு ஒரு நிமிஷம் போதும், செலவில்லை. வாசிக்கத் திணறினால் அடுத்த நாளே அவனைக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.